வலி பொய் சொல்லுமா?

"ஒன்றுமில்லை!"

மருத்துவமனையிலே ஒலிக்கும் சொற்களிலே இதைவிட இனிய சொல் வேறில்லை. இதைவிடக் கொடிய சொல்லும் வேறில்லை. கட்டியோ, கழலையோ, புற்றோ என்று கலங்கி, கையிலே சீட்டும் கண்ணிலே நீருமாக நிற்பவனிடம் மருத்துவர் இச்சொல்லைக் கூறினால், அது உயிர்ப்பிச்சை. ஆனால், ஆண்டுக் கணக்கிலே முதுகு முறிகிறது, முழங்கால் நோகிறது, தலை பிளக்கிறது, இரவெல்லாம் இமை மூடவில்லை என்று முறையிடும் ஒருத்தியிடம், எக்ஸ்ரே படத்தையும் இரத்தச் சோதனைச் சீட்டையும் புரட்டிவிட்டு இதே சொல் வீசப்பட்டால்? வலி இருக்கிறது என்கிறாள் அவள். இல்லை என்கிறது சீட்டு. இரண்டிலே எது பொய்? காகிதம் பொய் சொல்லாது என்று நம்பிப் பழகிவிட்ட நாம், பழியை யார்மீது போடுகிறோம்? வலியால் துடிக்கும் அந்த வாயின்மீது!

கருவியிலே தெரியாத வலி வலியே அல்ல என்று தீர்ப்பளிக்க எவருக்கு உரிமை உண்டு? மருத்துவர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நாம் ஒதுங்கிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஒரு மனிதனின் சொல்லை நம்புவதா, நம்ப மறுப்பதா என்ற அறக் கேள்வி இதனுள்ளே இருக்கிறது. பகுத்தறிவாளர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு இஃது ஒரு தேர்வும் ஆகும்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்லுங்கள். மாமல்லபுரத்திலே பட்டறை தோறும் உளியோசை கேட்கும். கருங்கல்லைக் கடவுளாக்கிக் கப்பலேற்றும் சிற்பியின் தோள் நோகிறது. கரையோரமாக நடந்தால் தேவனேரி, கொக்கிலமேடு, நெம்மேலி. மீன்கூடை சுமந்து சுமந்து மீனவப் பெண்ணின் கழுத்து நோகிறது. மேற்கே திரும்பினால் மறைமலைநகர்த் தொழிற்கூடங்கள். இரவு முறை முடித்துப் பகலிலே உறங்க முயலும் தொழிலாளிக்குத் தலை நோகிறது. உழைக்கும் உடல் நோகத்தான் செய்யும். அதிலே புதிர் இல்லை. ஆனால், ஓய்வெடுத்தும் தீராத நோவு, ஊசி போட்டும் அடங்காத நோவு, பசியை விழுங்கி, உறக்கத்தை விழுங்கி, "இருந்தென்ன பயன்?" என்ற எண்ணத்தைக் கூடவே அழைத்து வரும் நோவு, அது வேறு. அதன் பெயரை அந்தச் சிற்பியும் அறியார். அந்த மீனவப் பெண்ணும் அறியார். மருத்துவ நூல் அதற்கிட்ட பெயர் மனச்சோர்வு.

அந்த நோவுக்கு நம் நாட்டிலே மூன்று பதில்கள் கிடைக்கின்றன.

முதற் பதில், குறி சொல்பவன் தருவது. செய்வினை, கண்ணேறு, முன்வினை, ஏழரைச் சனி! எலுமிச்சம் பழம் அறு, கழிப்புக் கழி, தாயத்துக் கட்டு, நேர்ந்துகொள்! பணம் போகிறது, நோவு போகவில்லை. நோவு போகாததற்கும் காரணம் வைத்திருப்பான் அவன்: பரிகாரத்திலே குறையாம்!

இரண்டாம் பதில், அவசர மருத்துவம் தருவது. ஐந்து நிமிடம் பார்க்க நேரமில்லை. வெளியிலே ஐம்பது பேர் காத்திருக்கின்றனர். ஒரு ஊசி, மூன்று வண்ணத்திலே மாத்திரை, ஒரு சத்து மருந்து. மீண்டும் வந்தால் ஒரு ஸ்கேன். அதிலும் ஏதும் இல்லையென்றால், "ஒன்றுமில்லை, போய் வா!"

மூன்றாம் பதில் நம்மவர் தருவது. மூடநம்பிக்கையை மூட்டைகட்டி எறிந்துவிட்ட நம் தோழரே தருவது. "எல்லாம் பிரமை! மனத்தைத் திடப்படுத்திக்கொள்! கோழையாக இராதே!"

முதற் பதிலைச் சாடுவதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாம் பதிலைக் கண்டித்துக் கூட்டம் போடவும் தெரியும். மூன்றாவதுதான் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேய் பிடித்தது என்பவனும், பிரமை பிடித்தது என்பவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றனர்: நோயாளியின் சொல்லைத் தள்ளிவிட்டுத் தன் சொல்லை அங்கே வைக்கின்றனர். ஒருவன் கையிலே வேப்பிலை. மற்றவன் வாயிலே பகுத்தறிவு. அடி வாங்குபவள் ஒருத்திதான்!

அறிவின் துணைகொண்டு ஆராய்வோம். முதலிலே நம் மொழியைக் கேட்போம். நோதல் என்ற ஒரு வினையிலிருந்துதான் நோவும் பிறந்தது, நோயும் பிறந்தது. கால் நோகிறது என்கிறோம். மனம் நோகப் பேசாதே என்கிறோம். வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்திலே உடற்பிணியை நோய் என்றார். காமத்துப்பாலிலே பிரிந்தவள் படும் துயரையும் நோய் என்றே அழைத்தார். வயிற்றெரிச்சல், நெஞ்சடைப்பு, தலைச்சுமை, மனப்புண் என்று, உள்ளத்துத் துயரை உடலுறுப்பின்மீது ஏற்றியே தமிழர் பேசி வந்துள்ளனர். மொழி வழக்கு விஞ்ஞானச் சான்று ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், உடல் ஒரு பெட்டி, மனம் ஒரு பெட்டி, இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு என்ற எண்ணம் நம் பேச்சிலே ஒருபோதும் வேரூன்றியதில்லை என்பதற்கு அது சான்று.

வேறெங்கே வேரூன்றியது? ஐரோப்பாவிலே! பிரெஞ்சு அறிஞர் டேகார்ட் வலியைப் பற்றி எழுதியது, அவர் மறைந்த பிறகு 1664-இல் அச்சேறியது. காலிலே தீ பட்டால், கோயில் மணியின் கயிற்றை இழுத்ததுபோல், நரம்பு வழியே மூளையிலே மணி ஒலிக்கிறது என்றார். அக்காலத்துக்கு அது பெரும் முன்னேற்றந்தான். வலி என்பது தெய்வ தண்டனை என்றிருந்ததைவிடப் பன்மடங்கு மேல். ஆனால், அந்தக் கணக்கின்படி, கயிறு எவ்வளவு வேகமாக இழுக்கப்படுகிறதோ அவ்வளவு ஓசை எழவேண்டும்; கயிற்றை எவரும் இழுக்காதபோது ஓசையே எழக்கூடாது. "ஒன்றுமில்லை" என்று இன்றும் கூறும் வாய்க்குள்ளே இந்தப் பழைய மணிதான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கணக்கு பொய்த்தது. இரண்டாம் உலகப் போரிலே படுகாயமுற்ற வீரர்களைக் கண்ட அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946-இல் எழுதினார்: அவர்களிலே பெரும்பாலோர் வலி தணிக்கும் மருந்தே கேட்கவில்லை! உயிரோடு களத்தைவிட்டு மீண்டோம் என்ற நிம்மதி, காயத்தின் வலியைக் குறைத்தது என்று அவர் கருதினார். மறுபுறம், வெட்டி எடுக்கப்பட்ட கால், இல்லாத அந்தக் கால், வலிக்கிறது என்று கதறுவோர் உண்டு. காயம் உண்டு, வலி இல்லை. வலி உண்டு, காலே இல்லை! கயிறும் மணியும் எங்கே போயின?

செங்கற்பட்டிலே மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட அதே 1965-ஆம் ஆண்டிலே, மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் புதிய விளக்கம் தந்தனர். தண்டுவடத்திலே ஒரு வாயில் உண்டு. உடலிலிருந்து வரும் வலிச் செய்தியை அது அப்படியே விடுவதில்லை. மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும் அந்த வாயிலைத் திறக்கும், மூடும் என்றனர். அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பிற்கால ஆராய்ச்சியிலே திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்தது. அச்சமும் துயரமும் உறக்கமின்மையும் வாயிலை அகலத் திறக்கும். அமைதியும் ஆதரவும் அதைச் சாத்தும். கீழிறங்கும் அந்தக் கட்டளைகளைச் சுமக்கும் செரோடோனின், நார்அட்ரினலின் என்னும் பொருள்களுக்கு மனநிலையை ஆளும் பணியிலும் பங்குண்டு. அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின் போன்ற மருந்துகள் மனச்சோர்வுக்கும் தரப்படுகின்றன, நரம்பு வலிக்கும் தரப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். சோர்வு வலியை வளர்க்கிறது. வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கமின்மை சோர்வை வளர்க்கிறது. செக்குமாடுபோல் ஒரே வட்டத்திலே சுற்றவைக்கும் இந்த நோயிலே, எது முன், எது பின் என்று வழக்காடுவதால் மாட்டுக்கு என்ன இலாபம்?

வலி பற்றிய ஆராய்ச்சிக்கான உலகச் சங்கம், வலிக்குத் தான் முன்பே வகுத்திருந்த விளக்கத்தை 2020-இல் திருத்தியது. வலி என்பது உணர்ச்சியும் உள்ளமும் கலந்த அனுபவம் என்றது. அதோடு, வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அந்தக் கூற்று மதிக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்தது. விஞ்ஞானமே வந்து நின்ற இடம் இது!

இதற்கு உலகெங்கும் சென்று சான்று தேட வேண்டாம். செங்கற்பட்டை அடுத்த திருமணி போதும். அங்கே இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை ஏற்று, 1955-இல் மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. அதற்கு முன்பே, 1947-இல், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கொல்லிமலையிலே பிறந்தவர், அங்கே மருத்துவர் இராபர்ட் காக்ரேனைக் காண வந்தார். மடங்கிய விரல்களையும் ஆறாத புண்களையும் கண்டார். "தொழுநோயாளியின் தசை தானே அழுகி உதிர்கிறது" என்று உலகம் நம்பிய காலம் அது. அவரும் அவரோடு பணியாற்றியோரும் பின்னர் ஆராய்ந்து கண்ட உண்மை வேறு. தசை அழுகவில்லை; நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால், கொதிக்கும் பாத்திரத்தைக் கை விடவில்லை. காலிலே ஆணி தைத்தும் நடை நிற்கவில்லை. அந்தக் காயங்கள்தாம் உறுப்புக்களைத் தின்றன. வலி என்ற காவற்காரன் இல்லாத வீடு கொள்ளை போயிற்று!

இந்தத் திருமணிப் பாடத்தை எண்ணிப் பாருங்கள். காயமும் வலியும் ஒன்றல்ல என்பதற்கு அஃது ஒரு பக்கத்துச் சான்று. காயத்திலே வலி தெரியாத அதே மனிதர்கள், ஊர் விலக்கியதால், உறவு மறுத்ததால், உள்ளம் நொந்து கிடந்தனர். மருந்து தொழுநோய்க் கிருமியை ஒழித்தது. மணவிலக்குக்கான காரணங்களின் பட்டியலிலே தொழுநோய் இருந்தது, 2019-இல் சட்டம் திருத்தப்படும் வரையிலே! கையிலே வலியில்லை, நெஞ்சிலே வலி. எந்த எக்ஸ்ரே அதைக் காட்டியிருக்கும்?

"சரி, மனத்திலே துயரம் என்றால் அதைச் சொல்லவேண்டியதுதானே? முதுகு வலி என்று ஏன் வருகிறார்கள்? படிப்பறிவில்லாத பாமரர் என்பதால் அல்லவா?" என்று கேட்போர் உண்டு. மேனாட்டார் மனத்தைப் பற்றிப் பேசுவர், கீழ்நாட்டார் உடலைத்தான் பேசுவர் என்று புத்தகங்களிலேயே எழுதி வைத்தனர். உண்மை என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி ஒன்று 14 நாடுகளிலே, பெங்களூர் உட்பட 15 நிலையங்களிலே, பொது மருத்துவரை நாடி வந்தோரிடம் நடத்தப்பட்டது. அதன் முடிவு 1999-இல் வெளிவந்தது. மனச்சோர்வு உடையோர் என்று கண்டறியப்பட்டவர் 1,146 பேர். அவர்களிலே நூற்றுக்கு 69 பேர் உடல் நோவை மட்டுமே சொல்லி மருத்துவரிடம் வந்திருந்தனர். எந்த நிலையத்திலும் இந்த எண் 45-க்குக் குறையவில்லை. சில இடங்களிலே 95 வரை சென்றது. மேற்கு, கிழக்கு என்ற வரம்பு இதிலே தெளிவாகத் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது: தன்னை அறிந்த, தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் ஒருவர் இல்லாத இடங்களிலேதான், உடல் நோவை மட்டும் சொல்லும் வழக்கம் மிகுந்திருந்தது!

இன்னோர் எண்ணையும் கேளுங்கள். மனத்துயர் உண்டா என்று நேரே கேட்டபோதும் இல்லவே இல்லை என்று மறுத்தவர் நூற்றுக்கு 11 பேர்தாம். மற்றவர்கள்? கேட்டால் சொன்னார்கள்! கேட்கப்படவில்லை, அதனால் சொல்லவில்லை. மக்கள் பாமரர் என்பதல்ல குறை. கேட்பதற்கு ஆள் இல்லை என்பதே குறை. பூட்டு நோயாளியின் வாயிலே இல்லை, மருத்துவ முறையின் காதிலே இருக்கிறது.

அவர்கள் தாமாகச் சொல்லாததற்குக் காரணமும் மறைபொருள் அன்று. "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே ஏசற்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794-இலேயே தொடங்கி, பின்னர் அங்கே நிலைபெற்ற ஒரு பழம்பெரும் மருத்துவமனை, நம் திரைப்படங்களுக்கு நகைச்சுவைப் பொருள்! மனநலம் குன்றியவள் என்று ஒருமுறை பெயர் வந்தால், பெண்ணுக்கு மணம் நடவாது, தங்கைக்கும் நடவாது. முதுகு வலியென்றால் மருமகள் ஒரு நாழிகை படுக்கலாம். மனம் வலிக்கிறது என்றால் படுக்க இடமுண்டா அந்த வீட்டிலே? ஆண்மகன் அழக்கூடாது, ஆகவே அவனுக்கு நெஞ்சு எரிகிறது. பள்ளிக்கூடத்திலே பணியாற்றுவோர் யாவரும் அறிவர், தேர்வு நாளன்று காலையிலே பிள்ளைகளின் வயிறு ஏன் வலிக்கிறதென்று. அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. வயிறு உண்மையிலேயே வலிக்கிறது. சொல்லுவதற்கு அச்சம் என்ற சொல் அதற்குக் கிடைக்கவில்லை. வயிறு என்ற சொல் கிடைத்தது. உடல் நோவு என்பது, துயரப்படுவோர் மருத்துவமனைக்குள்ளே நுழைவதற்குச் சமுதாயம் தந்திருக்கும் ஒரே அனுமதிச் சீட்டு.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இந்தக் கரைமீது ஆழிப்பேரலை ஏறி வந்தது. கடலிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வரமாட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்பாள், கை கால் விழுந்துவிட்டதுபோல் இருக்கிறது என்பாள். அவளுடைய நெஞ்சத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லும் மருத்துவம், துல்லியமாக இருக்கலாம், உண்மையாக இருக்குமா?

இங்கே ஒரு தடை எழும். கொள்கையுள்ள தோழரே அதை எழுப்புவார். "துயரத்துக்குக் காரணம் வறுமை, கடன், குடிகாரக் கணவன், சாதி இழிவு. இவற்றையெல்லாம் நோய் என்று பெயரிட்டு மாத்திரை கொடுத்துவிட்டால், சமுதாயத்தின் குற்றம் மறைந்துவிடாதா? கந்துவட்டிக்கு மருந்து மாத்திரையா?" வலுவான கேள்வி, மழுப்பாமல் விடை காணவேண்டிய கேள்வி.

கந்துவட்டிக்கு மருந்து மாத்திரை அல்ல, மறுக்கவில்லை. அநீதியின்மீது பூசப்படும் மெழுகாக மருத்துவம் மாறிவிடக்கூடாது. அவ்விதம் மாறினால் எதிர்த்தாக வேண்டும். ஆனால், மாற்றுவழி யாது? சமுதாயம் திருந்தும்வரை வலியைப் பொறுத்துக்கொள் என்று அவளிடம் கூறலாமா? மறுபிறவியிலே நலம் பெறுவாய் என்ற புரோகிதனின் வாக்குக்கும், புரட்சிக்குப் பின் நலம் பெறுவாய் என்ற நம் வாக்குக்கும், இன்றிரவு உறங்க முடியாத அவள் என்ன வேறுபாடு காண்பாள்? காசநோய்க்கும் வறுமை காரணந்தான். அதற்காக, வறுமை ஒழியட்டும் என்று காசநோய் மருந்தை நிறுத்தி வைத்தோமா? மருந்தும் கொடுத்தோம், வறுமையையும் எதிர்த்தோம். இங்கும் அதுவே வழி. அதுமட்டுமன்று: துயரம் தணிந்தவள்தான் நிமிர்ந்து நிற்பாள், நிமிர்ந்தவள்தான் கேட்பாள், "ஏன் இந்தக் கொடுமை?" என்று.

இன்னொரு தடை, எதிர்ப்புறத்திலிருந்து வருவது, அதனையும் மதிக்கவேண்டும். வலிக்கு மனத்தோடு தொடர்புண்டு என்று சொல்லத் தொடங்கினால், எல்லா வலியையும் மனத்தின்மீது தள்ளிவிடும் சோம்பல் வந்துவிடாதா? வரும், வந்துமிருக்கிறது. மனநோய்க்கு மருந்து உண்பவர் என்று சீட்டிலே எழுதியிருந்தால் போதும், அவருடைய நெஞ்சு வலியைக்கூட "அவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று ஒதுக்கிவிடும் ஆபத்தை மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. அதுவும் "ஒன்றுமில்லை"யின் மறுபதிப்புத்தான்! ஆகவே, உடலை ஆராயாமல் மனம் என்று முடிவு கட்டுவது தவறு. உடலை ஆராய்ந்ததோடு நின்றுவிடுவதும் தவறு. அந்தச் சிற்பியின் தோளிலே உளியால் வந்த தேய்வும் இருக்கலாம், வேலை குறைந்ததால் வந்த கலக்கமும் இருக்கலாம். "உடலா, மனமா?" என்று கேட்பதே பிழை. வலிப்பது தோளுக்கும் அல்ல, மனத்துக்கும் அல்ல, மனிதனுக்கு.

மூன்றாவது தடை, வீரம் பற்றியது. "பெரியாரைப் பாருங்கள்!" என்பார் ஒரு தோழர். பார்ப்போம். 94 வயதிலே, சிறுநீர்க் குழாயைச் சுமந்துகொண்டு, 1973 டிசம்பர் 19-ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரிலே பேசினார் அவர். அதுவே அவரது கடைசிப் பேச்சு. நடுவிலே வலி தாளாமல் வாய்விட்டு அரற்றினார், மீண்டும் தொடர்ந்தார். ஐந்தாம் நாள் வேலூர் மருத்துவமனையிலே மறைந்தார். இதிலிருந்து கற்கவேண்டியது என்ன? வலியை மறைப்பது வீரம் என்றா? அவர் மறைக்கவே இல்லையே! ஆயிரம் பேர் முன்னிலையிலே அரற்றினார், மருத்துவரை நாடினார், மந்திரத்தை நாடவில்லை. வலிக்கிறது என்று சொல்லுவதிலே இழிவு கண்டவரல்லர் அவர். மேலும், நோக்கமும் தொண்டரும் துணையும் அருகிலிருந்த ஒருவர் தாங்கிய வலியை அளவுகோலாக்கி, நான்கு சுவருக்குள்ளே தனியாகத் துடிப்பவளை அளப்பது நேர்மையா? மனச்சோர்வு என்பது, துணிவு இருக்கவேண்டிய இடத்தையே தாக்கும் நோய். "துணிந்து நில்" என்று அவளிடம் கூறுவது, கால் முறிந்தவனிடம் "ஓடு" என்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே செய்யவேண்டியது யாது? வழி இல்லாமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியிலே, கொட்டகைக்குள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயிலே மாண்ட கொடுமைக்குப் பிறகு, நாடு வெட்கித் தலைகுனிந்தது. 2017-இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியைத் தடை செய்தது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் மருத்துவத்திலே சம மதிப்பு வேண்டும் என்று 21-ஆம் பிரிவிலே எழுதி வைத்தது. 1996-இலே தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், தமிழகத்திலே முதன்முதல் திருச்சிக்கு வந்து, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவிற்று. 1993-இலே சென்னையிலே தோன்றிய பான்யன் அமைப்பு, இதே கடற்கரையிலே கோவளத்திலே, ஊர் மக்களுக்கிடையே மனநல மருத்துவத்தைக் கொண்டு சென்றது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து தருகிறது. வாசல்வரை வருகிறவர், "இரவிலே உறங்குகிறீர்களா, அம்மா? மனம் எப்படி இருக்கிறது?" என்று இரண்டு வார்த்தை கூடுதலாகக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பட்டம் பெற்ற மனநல மருத்துவர் ஊர்தோறும் கிடைப்பரோ என்று மலைக்கவேண்டாம். கோவாவிலே, ஆரம்ப சுகாதார நிலையங்களிலே, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசகர்களாக அமர்ந்து பணியாற்றியதன் பலன் 2010-இல் வெளியாயிற்று; அரசு நிலையங்களை நாடிய நோயாளிகள் பலர் நலம் பெற்றனர். ஆப்பிரிக்காவிலே, ஜிம்பாப்வே நாட்டிலே, மருத்துவமனை வாசலிலே ஒரு விசுப்பலகை. அதிலே பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. துயருற்றோர் வந்து அமர்ந்து பேசுகின்றனர். அதன் பயனும் ஆராய்ந்து காணப்பட்டு 2016-இல் வெளியிடப்பட்டது. அங்கே விசுப்பலகை, இங்கே நம் ஊர்த் திண்ணை இல்லையா?

இளைஞர்களுக்குரிய பணி இது. கடந்த இரண்டு வாரமாக மனம் தாழ்ந்திருக்கிறதா? முன்பு விரும்பிச் செய்த காரியங்களிலே நாட்டம் குறைந்துவிட்டதா? இந்த இரண்டு கேள்விகளைத்தான் மருத்துவரும் முதலிலே கேட்கிறார். படிப்பகம் நடத்தும் நாமும் கேட்கலாம். ஆம் என்ற விடை வந்தால், அறிவுரையைப் பொழியாமல், அரசு மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லலாம். 2022 அக்டோபரிலே தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் இலவசத் தொலைபேசி உதவிக்கு எண் 14416. கழிப்புக் கழிக்கும் செலவைக் கண்டித்து நாம் எழுதும் சுவரிலே, இந்த எண்ணையும் எழுதி வைப்போம். பேயை விரட்டினால் போதாது. பேய் குடியிருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்திலே இருந்த வலியையும் பார்க்கவேண்டும்.

1929 பிப்ரவரி 17, 18 நாட்களிலே, இதே செங்கற்பட்டிலேதான் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. சௌந்தரபாண்டியனார் தலைமை ஏற்றார். பெயருக்குப் பின்னே சாதிவாலை ஒட்டவேண்டாம் என்றது மாநாடு. பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை என்றது. பிறர் சூட்டிய பட்டத்தால் அல்ல, தன் சொல்லாலும் செயலாலும் மனிதன் மதிக்கப்படவேண்டும் என்பதே அந்த மாநாட்டின் உட்பொருள். அந்த மதிப்பு, மேடையிலே பேசுகிறவனின் சொல்லுக்கு மட்டுந்தானா? மருத்துவமனைப் பலகையிலே முறைக்குக் காத்திருந்து, கடைசியிலே, "வலிக்குதுங்க ஐயா" என்று தயங்கிச் சொல்லும் அவளுடைய சொல்லுக்கு இல்லையா?

அவளை நம்புவோம். நம்பிய பிறகு ஆராய்வோம். பகுத்தறிவு அந்த வரிசையிலேதான் நடக்கவேண்டும்.